நூற்றைம்பத்திரண்டு கிலோ

துஷ்யந்தி வரமாட்டாள் என்று
வியாழக்கிழமை தெரிந்தது.
குரல்பதிவு, நாலு நிமிசம்.
முதல் மூன்றும் தும்மல், மன்னிப்பு,
மாமியாரின் சத்திரசிகிச்சை.
கடைசியில்தான் சொன்னாள்:
"நீ போ. ஆனா தனியப் போகாதை."

வெள்ளவத்தை தொடங்கிக் கொள்ளுப்பிட்டி மட்டும்
அந்த இரண்டு வசனத்தையும்
ஹெல்மெட்டுக்குள் உருட்டிக்கொண்டு போனேன்.
ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே வந்தன.
வலப்பக்கம் பஸ், இடப்பக்கம் கடல்.

பதினெட்டு வருசமாய்க்
கொள்கலன்களுக்குக் கடதாசி எழுதுகிறேன்.
தேயிலை, தும்பு, ரப்பர் கையுறை,
ஒருமுறை ஹம்பேர்க்குக்கு ஒரு தேர்ச்சில்லு.
என் கையெழுத்துப் போகாத துறைமுகம் இல்லை.
நான் கட்டுநாயக்கா தாண்டியது ஒரே தரம்:
சென்னை, யாருடையதோ கலியாணச்சேலை, நாலு நாள்.

பைக்கை மரப்பெட்டியில் அடைத்துக்
கொச்சிக்கு அனுப்பலாம்.
அங்கிருந்து மேற்குக் கரையால் ஏறி
கோரக்பூர் தாண்டி நேபாளம்.
சரக்குப்பத்திரம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன்:
பாவித்த மோட்டார் சைக்கிள், ஒன்று.
எடை நூற்றைம்பத்திரண்டு கிலோ.
ஓட்டுபவருக்கு அதில் கட்டம் இல்லை.

பஞ்சிகாவத்தையில் மில்ஹான்
செயினை இறுக்கியபடியே கேட்டான்,
"வழியில ஆணி ஏறினா?"
டியூப் மாற்றத் தெரியும் என்றேன்.
"ராவில ஏறினா டோர்ச் பிடிக்கிறது ஆரு?"
வாயால் கவ்வலாம் என்றேன்.
"விழுந்தா?"
கேட்டுவிட்டு அவன் பார்த்தது
என்னையல்ல, பைக்கை.

மில்ஹான் கேட்காதது ஒன்று இருந்தது.
இருபத்தைந்து வயதில், இரவு எட்டரைக்கு,
கிருலப்பனைச் சாவடியில்
ஸ்கூட்டரை நிறுத்தி முகத்தில் வெளிச்சம் அடித்தார்கள்.
எங்கே போகிறாய். ஏன். யாரோடு.
மூன்றுக்கும் விடை வைத்திருந்தேன்,
அடையாள அட்டையோடு, ஒரே உறையில்.
வீட்டுக்கு. வேலை முடிந்து. தனிய.
மூன்றாவதைத்தான் நம்பவில்லை.
நாற்பது நிமிசம்
மணல்மூட்டைக்குப் பக்கத்தில் நின்றேன்.

இப்போது விசாப் படிவமும்
அதே மூன்றை, அதே வரிசையில்,
மரியாதையாய்க் கேட்கிறது.
இந்தமுறை இரண்டாவதுக்கு விடை இல்லை.
ஆசை என்று எழுதினால்
எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள்?

ஞாயிறு விடிய, காக்கைத்தீவு.
காகங்களுக்கு முன்னமே போய்விட்டேன்.
பைக்கை வேண்டுமென்றே சரித்தேன், வலப்பக்கமாய்.
அடித்துப்போட்ட மாடு மாதிரிக் கிடந்தது.
பெற்றோல் மணம்.
முதல் தரம் அசையவில்லை.
இரண்டாம் தரம் முழங்கால் உயரம் வந்து
கையை விட்டது.
தூண்டிலோடு நின்ற பெடியன் ஓடிவந்தான்.
வேண்டாம் தம்பி என்றேன் சிங்களத்தில்.
தூக்குவதா நிற்பதா என்று தெரியாமல்
அவன் அரைவாசி குனிந்தபடி நின்றான்.

மூன்றாம் தரம் முதுகைக் கொடுத்தேன்.
சீட்டோடு இடுப்பை ஒட்டி,
ஒரு கை ஹாண்டிலில், மறுகை பின்கம்பியில்,
குதிகால் மணலைக் கிழிக்கக்
குட்டிக் குட்டி அடியாய்ப் பின்னுக்கு நடந்தேன்.
எழுந்தது.
எழுந்து, நிமிர்ந்து,
வந்த வேகத்திலேயே
மற்றப் பக்கம் விழுந்தது.

ஸ்டாண்டை முதலே தட்டி விட்டிருக்க வேண்டும்.
எல்லாருக்கும் தெரிந்த விசயம்.
பெடியன் சிரித்தான்.
மணலில் குந்தியிருந்து நானும்,
வயிறு நோகுமட்டும்.

நாலாம் தரம் எழுப்பி
இடுப்பால் முட்டுக்கொடுத்துக்கொண்டு
காலால் துழாவி ஸ்டாண்டைப் பிடித்தேன்.
நின்றது.
அதற்குள் அவன் ஒரு மீன் பிடித்திருந்தான்.

துஷ்யந்திக்கு இதை அனுப்பவில்லை.

திங்கள். மேசையில் சோற்றுப் பார்சல் ஆறுகிறது.
படிவத்தில் ஏழாம் கட்டம்: உடன் பயணிப்பவர்.
பதினெட்டு வருசத்துத் தொழில் இது:
கட்டத்தை வெறுமையாய் விடக்கூடாது,
பிறகு எவராவது எதையாவது எழுதிவிடுவார்கள்.
மூலைக்கு மூலை கோடு இழுத்துவிட வேண்டும்.

இழுத்தேன்.
பென்சிலால்தான், இப்போதைக்கு.