பெருக்கல் கணக்கு

பதினெட்டுக் கிலோ பால்.
அதில் சரக்கு முப்பத்திநாலு சதவீதம்.
கிலோவுக்கு நூற்றி எண்பத்திரண்டு.
தாசையன் துண்டுச் சீட்டில் எழுதும் தொகை
எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.
கையெழுத்து மட்டும்தான் சாய்கிறதா என்று
எனக்கு ரொம்ப நாளாய் ஒரு இது.
"எனக்க கணக்கு நம்பிக்கை இல்லேண்ணா
ஆப்பு இருக்குல்லா, அதுல போட்டுப் பாரு"
என்றுவிட்டார் ஒருநாள், முகம் கோணாமல்.

பொன்மனையில் மழைவிட்ட ராத்திரி.
புகைப்புரைக்கு வெளியே, ஓடைப் பக்கம் நின்றால்
போனில் ஒரு கோடு கிடைக்கும்.
ஒரு கோட்டில் அது இறங்கி முடிய
அரைமணிக்கூர். கொசுவுக்கு நல்ல சாப்பாடு.

திறந்ததும் பேர் கேட்டது.
(உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.)
நம்பர் கேட்டது. அதற்கு வந்த ஆறு எண்ணைத்
திருப்பித் தரச் சொன்னது.
பிறந்த தேதி கேட்டது.
வாத்தியார் போட்ட தேதி ஒன்று,
அம்மைக்குத் தெரிந்த தேதி ஒன்று,
எதைக் கொடுத்தாலும் பதினெட்டு கிலோ
பத்தொன்பது ஆகாது.
எங்கே நிற்கிறாய் என்றது.
ஓடையில் நிற்கிறேன், உனக்கென்ன.
மைக் வேண்டுமாம். பாலுக்கு ஏது சத்தம்?
கடைசியில்
என் போனில் உள்ள எல்லாப் பேரையும் படிக்க
அனுமதி.
சீட்டுக்காரி, கேஸ்காரன்,
குலசேகரத்து நாத்தூன்,
இறந்தபிறகும் நான் அழிக்காத அண்ணன்.
ஒரு பெருக்கலுக்கு
அவனையும் எழுப்பிக் கூட்டிவர வேண்டுமாம்.

இந்த வேலை எனக்குத் தெரியும்.

பட்டையில் ஒரு அரிசிக் கனம்,
மேலிருந்து சரிவாய், ஒரே இழுப்பு.
மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான்
சிரட்டையைக் கட்டுகிறோம்.
நாளை அதே கோட்டின் கீழே இன்னொரு அரிசி.
ஆழமாய்ப் போனால் தடியில் காயம் விழும்,
பட்டை வறளும், பால் நிற்கும்.
அதனால் நல்ல வெட்டுக்காரி
ஒருநாளும் ஆழமாய் வெட்டமாட்டாள்.
இருநூற்றைம்பது மரம், பதினாறு வருஷம்.
ஒன்றுகூட என்னிடம்
ஏன் என்று கேட்டதில்லை,
எழுந்து போனதுமில்லை.

நான் போனேன்.
போகும்போது "நிச்சயமாகவா?" என்றது.
அதுவும் ஒரு கேள்வி.
பதில் சொல்லாமல் விரலால் அமுக்கி அழித்தேன்.

வாங்கின நாளிலிருந்தே போனின் மூலையில்
ஒரு கணக்குப்பெட்டி கிடந்தது,
பூச்சிமருந்து விளம்பரங்களுக்குப் பின்னால்.
தொட்டேன். திறந்தது.
ஆராக்கும் என்று விசாரிக்கவில்லை.
துடைத்துவைத்த தராசு மாதிரி
ஒரு பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.
போட்டேன்.
ஆயிரத்து நூற்றிப் பதிமூன்று, எண்பத்திநாலு பைசா.
சீட்டைத் தலைவிளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
ஆயிரத்து நூற்றிப் பதினெட்டு.
மறுபடி போட்டேன், சதவீதத்தை முதலில் வைத்து.
அதேதான்.
இவ்வளவு நாள் நான் கொண்ட சந்தேகம்
நாலு ரூபாயும் பதினாறு பைசாவுமாய்
என் பக்கமே திரும்பி நின்றது.

காலையில் டிப்போ மேசையில்
நாலு ரூபாயை வைத்தேன்.
பைசா பிறகு தருகிறேன் என்றேன்.
"ஆப்புல போட்டியா?"
இல்லை.
தாசையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
பீப்பாய் மூடிமேல் இருந்த அவர் போன் அடித்தது.
பார்த்தார், எடுக்கவில்லை.
"லோணு வேணுமாண்ணு கேப்பானுவ.
நாளைக்கு ஒம்பது மட்டம்.
பேரு சொல்லித்தான் கூப்பிடுதான்.
மோளுக்க கல்யாணம் எப்படிப் போச்சுன்னு
நேத்து ஒருத்தி கேக்கா."

எப்போதிருந்து என்று கேட்டேன்.
அவர் மெட்ரோலாக்கை எடுத்து
என் பாலில் இறக்கி, குனிந்து,
வேண்டியதைவிட அதிக நேரம்
கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடிமேல் அது அதிர்ந்து அதிர்ந்து
விளிம்புக்கு வந்துவிட்டது.
இரண்டு பேரும் பிடிக்கவில்லை.
வாளி ஓரத்தில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை
நான் நீளமாய் உரித்தெடுத்தேன்,
அறுந்துபோகாமல்.