இரண்டாம் புதன், திங்கள்சந்தை

ஊர்ப்பெயரிலேயே ஒரு கிழமை இருக்கிறது.
எனக்கு ஒதுக்கியதோ
மாதத்தின் இரண்டாம் புதன்.

தக்கலையிலிருந்து மகளிர் இலவசப் பேருந்து.
'பேருந்துக் கட்டணம், சாதாரணம்' என்று
பட்டியலில் ஒரு வரி உண்டு.
முன்னால் நிற்கும் ஆண் யாருடைய டிக்கெட்டையாவது
எட்டிப் பார்த்து நிரப்புவேன்.
என் டிக்கெட்டில் தொகை இல்லை.

அதே கடை. அதே பொருள். அதே தரம்.
சொல்லும் விலை வேண்டாம், கைமாறிய விலை வேண்டும்.
பயிற்சியின் முதல் நாள் மூன்று முறை சொல்லவைத்தார்கள்,
ஞானஸ்நான வாக்குறுதி போல.

படிவத்தில் வாழைப்பழம் டஜன் கணக்கு.
இங்கே குலை தொங்கும் கடையெல்லாம் கிலோ.
ஒரு டஜன் மட்டி ஒரு கையில் அடங்கிவிடும்,
ஒரு டஜன் ஏத்தனுக்குப் பை வேண்டும்.
நான் நிறுத்து, வகுத்து, பெருக்கி
ஒரு டஜனை உண்டாக்குகிறேன்.
இந்தச் சந்தையில் யாரும் வாங்காத டஜன்.
அதற்கும் விலை உண்டு.

பிஸ்கட் ஐந்து ரூபாய். போன வருடமும் ஐந்து.
பொட்டலத்தின் முதுகில், ஒட்டிய மடிப்புக்கு உள்ளே,
கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசிக்கும் எழுத்தில்
கிராம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இனி மீன்.

சிலுவையம்மா சாளையைக் கிலோவில் விற்பதில்லை.
கூறு. ஒரு கூறு நூறு ரூபாய்.
"போன மாசமும் நூறுதான். நூறுண்ணு எழுது,
என்னத்துக்கு எண்ணிட்டு நிக்கிய?"
போன மாதம் இருபத்துமூன்று.
இன்று பதினேழு.
ரூபாய் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது,
மீன்தான் எழுந்து போயிருக்கிறது.

"ஒனக்க சம்பளம் கூடிச்சா?"
மாதாமாதம் கேட்பாள்.
நான் கேட்பதற்கு அவள் பதில் சொல்வதால்
அவள் கேட்பதற்கு நானும் சொல்வேன்.
"இல்ல."
"மூணு வருசமாட்டு இல்லியா?"
"மூணு வருசமா."
சருவத்துக்குள் கைவிட்டு
கூடுதலாக இரண்டு சாளை எடுத்துப் போட்டாள்.
எனக்கு முன்னால் வாங்கிப்போனவர்
வெள்ளைச் சட்டை, காரை ஓடவிட்டு வந்தவர்.
அவர் கூறிலிருந்து ஒன்று
சருவத்துக்கே திரும்பியதையும் பார்த்தேன்.

பீர்மைதீன் வெங்காயக் கடையில் மின்தராசு.
முதலில் பாலித்தீன் விரித்து,
தட்டைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து,
"சீக்கிரம், வெங்காயத்துல மீன்வாடை ஏறும்" என்றார்.
பதினேழைத் தனியே வைத்தேன்.
ஐந்நூற்று அறுபது கிராம்.
அந்த இரண்டும் கையிலேயே இருந்தன, குளிர்ந்து.
அவை கணக்கில் சேராது.
சேர்த்தால்
விலைவாசி கொஞ்சம் குறைந்துவிடும்.

கிலோவுக்கு நூற்று எழுபத்தெட்டு ஐம்பத்தேழு.
கருவி சிவப்பானது:
'மாற்றம் வரம்பு மீறியது. காரணம் தேர்க.'
பருவம். வரத்துக் குறைவு. தர மாற்றம். மற்றவை.
'வரத்துக் குறைவு' தொட்டேன். பச்சையானது.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி மாலை
தொலைக்காட்சியில் ஒரு எண் ஓடும்,
புள்ளிக்குப் பின்னும் இலக்கங்களோடு.
அதில் மீனுக்கு ஓர் எடை இருக்கிறது,
மீனுக்குள் சாளைக்கு,
சாளைக்குள் இந்தச் சந்தைக்கு.
எத்தனையோ சுழியங்களைத் தாண்டினால்
எங்கோ நான் எண்ணிய பதினேழு.

கூறு வாங்கிய காசை அலுவலகம் தராது.
குழம்பு வைத்தேன்.
கொதிக்கும்போது அகப்பையால் புரட்டிப் பார்த்தேன்,
அந்த இரண்டு எவை என்று தெரியவில்லை.