கடல் யார் பக்கம்

வாடகைக் கார். இருபத்து நான்கு மணிநேரம்.
கீறல் விழுந்தால் இவ்வளவு, மணல் கிடந்தால் இவ்வளவு என்று
கையெழுத்துப் போட்டுத்தான் சாவி வாங்கினோம்.
உரிமம் எடுத்துப் பதினோரு வருடம் எனக்கு.
ஓட்டிய நாட்களும் ஏறக்குறைய அவ்வளவே.

வகுப்புத் தோழி பெர்த் போகிறாளாம்,
மூன்று நாள் கடலோரமாகவே காரில் போவார்களாம்.
லோஷினி சொல்லிவிட்டுச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.
நான்தான் வாயைக் கொடுத்தேன்:
நமக்கும் கரை இருக்கிறதே, சுற்றி வருவோம்.
குமரேசன் கைப்பேசியில் தீவை
இரண்டு விரலால் குறுக்கிப் பார்த்தார்.
"நிற்காமல் போனால்
மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடும்."
அதனால், நின்று நின்று போவதென்று முடிவு.

பிடோக்கில் கிளம்பிக் கிழக்கே திரும்பியதுமே
வழக்கு தொடங்கிவிட்டது.
கடல் வலப்பக்கம். வலப்பக்கம் ஷர்வின்.
மரங்களின் இடுக்கில் துண்டு துண்டாகக் கப்பல்களை எண்ணுகிறான்,
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
வேண்டுமென்றே சத்தமாக.
அவள் பக்கம் ஓடுபாதை.
"இதோ பார், விமானம் இறங்குது" என்றார் அவர்.
"விமானம் கடல் இல்லப்பா."

சாங்கியில் நாசி லெமாக். கரையில் ஒரு மணிநேரம்.
செருப்பைத் தட்டு, காலை உதறு,
பைக்குள் சிப்பி வைக்காதே என்று
மணலுக்காக நான் கத்தியது
ஊபின் தீவுக்கே கேட்டிருக்கும்.
பிறகு இடம் மாற்றினோம். இப்போது வலப்பக்கம் லோஷினி.

கடல் என்ன செய்தது தெரியுமா?
ஒளிந்துகொண்டது.
பாசிர் ரிஸ் தாண்டிக் கட்டுமானத் தடுப்பு,
பொங்கோல் வரை புளோக்குகள்,
அப்புறம் வேலி, வேலிக்கு அப்பால் இன்னொரு வேலி.
அவள் ஒன்றும் பேசவில்லை.
கண்ணாடியில் மூக்கை அழுத்தி
மூச்சால் ஒரு வட்டம் வரைந்து அழித்தாள்.
பார்க்காததுபோல் ஓட்டினேன்.

செம்பவாங்கில் தண்ணீர் தெரிந்தது.
அக்கரையில் ஜொகூர், துணி காய்வதுகூடத் தெரியும் தூரம்.
"இது ஆறும்மா" என்று தள்ளிவிட்டாள்.
அப்போது குமரேசனின் கைப்பேசி அதிர்ந்தது:
மலேசியாவுக்கு நல்வரவு.
"பாஸ்போர்ட் இல்லாமலே வெளிநாடு வந்தாச்சு!"
ஷர்வின் இருக்கையில் துள்ளினான்.
இவர் அவசரமாக இணையத்தை அணைத்தார்,
போன முறை வந்த கட்டணம் அப்படி.

லிம் சூ காங். வழியெல்லாம் கல்லறைகள்,
பிறகு பண்ணைகள், பிறகு சாலையே இல்லை.
கம்பி வேலியின் கண்களில் மாலை வெயில்
சின்னச் சின்னச் சதுரமாகக் கிடந்தது.
நான்கு பேரும் வேலியைப் பிடித்து நின்றோம்.
நாடு முடிந்துவிட்டது, மணி ஐந்தேகால்.
ஆளுக்கொரு மைலோ பொட்டலம்.
குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

திரும்பும் வழி விரைவுச்சாலை.
எந்தப் பக்கமும் கடல் இல்லை,
அதனால் சண்டையும் இல்லை.
ஷர்வின் வாய் திறந்தபடி தூங்கிவிட்டான்.
மரினா பக்கம் சுரங்கத்தில் இறங்கியபோது
குமரேசன் பின்னால் திரும்பாமலே சொன்னார்:
"இந்த இடத்துல ரோட்டுக்கு மேலதான் கடல்."
"எங்கே?"
"மேலே. நம்ம தலைக்கு மேலே."

பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தேன்.
வார்ப்பட்டையை இழுத்துக்கொண்டு
கழுத்தை மடக்கி மேலே பார்க்கிறாள்.
மஞ்சள் விளக்குகள் அவள் நெற்றியில்
ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன.
காரின் கூரை, கான்கிரீட், அதற்கும் மேலே
என்னென்ன கண்டாளோ.
"அம்மா, மெதுவா போ."
எண்பதில் போகும் சாலையில் எழுபதுக்கு இறங்கினேன்.
பின்னால் ஒரு லாரி ஒலி எழுப்பியது.
எழுப்பட்டும்.

இரவு பத்தரைக்கு, கார் நிறுத்தும் இடத்தில்,
கைப்பேசி வெளிச்சத்தில் மணல் பொறுக்கினோம்.
இடப்பக்க இருக்கையின் கீழே
ஈரம் காயாத மூன்று சிப்பிகள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
"அவனை எழுப்பிச் சொல்லட்டுமா?" என்றாள்.
"எதை?"
யோசித்தாள்.
"வேண்டாம்."