நாலடி ஆழம்

நாற்பத்தாறு வயதில்
நீச்சல் ஆசை வந்தது எனக்கு.
எங்கிருந்து என்று கேட்காதீர்கள்.
ஜன்னலை அடைத்தாலும்
கொசு வரத்தானே செய்கிறது.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
லாட்ஜ் கவுன்ட்டரில் இருக்கிறேன்.
பதினெட்டு அறை. ஒரு லிஃப்ட், அதுவும் பாதி நாள்.
மால்டாவிலிருந்து, சில்சாரிலிருந்து
ஸ்கேன் கவரை மார்போடு அணைத்து வருகிறவர்களுக்குச்
சாவியும் வாளியும் சின்ன கேஸ் அடுப்பும் தருவேன்.
ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வார்த்தை
மாறியிருக்க வேண்டும்,
அவ்வளவுதான் அவர்கள் வேண்டுவது.
அந்த ஆசைகளுக்கு நடுவில்
என்னுடையதை எங்கே வைக்க?
இழுப்பறையில் வைத்தேன்,
ரசீதுப் புத்தகத்துக்கு அடியில்.
இரண்டு வருஷம் கிடந்தது.

எங்கள் ஊருக்கு ஒரு கேலி உண்டு:
ராஜா இல்லாத கோட்டை
சாமி இல்லாத கோயில்
தண்ணி இல்லாத ஆறு.
கோயிலுக்குச் சாமி திரும்பிவிட்டது.
ஆறுதான் சொன்ன சொல் மாறாமல் கிடக்கிறது.
அந்த ஊரில் பிறந்துவிட்டு நீச்சல்!

"இன்னாத்துக்கு அண்ணி இப்போ?
மெடல் வாங்கப் போறியா?"
என்றாள் தம்பி பெண்டாட்டி புஷ்பராணி.
இடுப்பு வலிக்கு நல்லதாம், டாக்டர் சொன்னார் என்றேன்.
எந்த டாக்டரும் சொல்லவில்லை.
மருந்துச்சீட்டு இருந்தால்தான்
ஆசையைத் தெருவில் நடமாட விடுகிறோம்.

சத்துவாச்சாரியில் ஒரு குளம்,
காலை ஐந்தரை, பெண்கள் பேட்ச்.
சொல்லித்தருகிறவள் ரிஸ்வானா,
பேரணாம்பட்டுக்காரி, இருபத்துமூன்று இருக்கும்.
"கம்பிய உடுங்க ஆன்ட்டி, தண்ணி தாங்கும்."
தாங்கவில்லை.
யூகேஜி பிள்ளைகள்
என் முழங்கையை இடித்துக்கொண்டு போயின.

மூழ்கும்போதெல்லாம்
மூக்கில் ஏறியது தண்ணீர் மட்டுமில்லை.
பத்தாவது கணக்கில் முப்பத்திரண்டு,
பாஸாகாத டைப்ரைட்டிங் ஹையர்,
இரண்டு முறை வந்து கேசரி சாப்பிட்டு
தகவல் சொல்லாமலே இருந்துவிட்ட
காவேரிப்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டார்,
எல்லாரும் குளோரின் வாடையோடு ஏறினார்கள்.
என் வழக்கம் அது.
ஒன்று கைக்கு வராவிட்டால்
உடனே தராசை எடுத்து
என்னை நிறுக்க உட்கார்ந்துவிடுவேன்.
எடைக்கல்லை யார் தந்தார்கள் என்று
ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு மாதம் முடிந்தது. நீச்சல் வரவில்லை.

பதினொன்றாம் அறை மஞ்சுஸ்ரீ மண்டல்,
கணவருக்கு டயாலிசிஸ்,
என் ஈரத்தலையைப் பார்த்து ஏதோ கேட்டாள்.
கையை விரித்துக் காற்றில் துழாவிக் காட்டினேன்.
"ஷாத்தார்!" என்று சிரித்தாள்.
அவள் ஊரில் வீட்டுக்கு வீடு குளமாம்.
முதலில் நடந்தாளா நீந்தினாளா
ஞாபகமில்லையாம்.
நன்றாக நீந்துவீர்களா என்று
எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.
நன்றாக மூச்சு விடுவீர்களா என்று
கேட்டதுபோல் விழித்தாள்.
பிறகு, வெந்நீர் இன்னொரு வாளி கிடைக்குமா என்று கேட்டு
வாங்கிக்கொண்டு மேலே போனாள்.
லிஃப்ட் அன்றும் ஓடவில்லை.

வெகுநேரம் அந்தப் படிகளையே பார்த்திருந்தேன்.
நான் ஏங்குகிற ஒன்று
அவளிடம் சும்மா இருக்கிறது.
அது அவளை ஓர் அங்குலமும் உயர்த்தியதில்லை.
அப்படியானால் என்னை மட்டும்
எப்படிக் கீழே இறக்கும்?

காட்பாடி போகிற பஸ் பாலத்தில் திணறி நின்றது.
கீழே மணல், சீமைக்கருவேலம்,
மூன்று குச்சி நட்டுக் கிரிக்கெட்.
போர்டில் பாலாறு என்றே எழுதியிருந்தது.
யாரும் வந்து அழித்துவிட்டுப் போகவில்லை.
தண்ணீர் வந்தால் அதற்கும் சந்தோஷமாக இருக்கும்தான்.
வேண்டாம் என்று அது சொன்னதாகத் தெரியவில்லை.

அடுத்த மாதத்துக்கும் பணம் கட்டினேன்.
புஷ்பராணியிடம் உண்மையைச் சொன்னேன்:
"இடுப்புக்கெல்லாம் இல்லடி, ஆசை."
"அப்போ சரி" என்று குக்கரை இறக்கினாள்.

நேற்று கம்பியை விட்டேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலில் மூழ்கினேன்.
மூக்கில் தண்ணீர் ஏறியது.
தண்ணீர் மட்டும்.