கூரையில் யாருக்கு எவ்வளவு

நவம்பர் முப்பது. விடியவிலிருந்து மழை.
திருநகர் வீட்டின் சாப்பாட்டு மேசையில்
இரண்டு பேருக்கு இரண்டு வரித் திரட்டு.
ஒரே தாளில் கையொப்பம் வைத்துக் கலியாணம் முடித்தவர்களை
இறைவரித் திணைக்களத்துக்குத்
தனித்தனியாகத்தான் தெரியும்.

சோலார் தகடுகள் பதினான்கு.
கடன் சுகிர்தரன் பெயரில்.
காணி உறுதி என் பெயரில், சீதனம்.
கறன்ற் பில் இன்னமும்
செத்துப்போன அப்பாவுக்குத்தான் வருகிறது.
செலவழித்தவர் யார் என்று கேட்கிற பெட்டியில்
ஒரு பெயருக்கு மட்டும் இடம்.

"கட்டின பிறகு சேர்ந்ததெல்லாம் தேடிய தேட்டம்,
ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி" என்றேன்.
கணக்காளர் பூபாலன் சிரித்தார்:
"தேட்டம் பாதி, தங்கச்சி.
பற்றுச்சீட்டு முழுசு."

என் சம்பளம் மேல் படியில் நிற்கிறது.
நான் கழித்தால் மிச்சம் கூட.
பென்சிலால் இரண்டு தரம் கூட்டிக் காட்டினேன்.
"அப்ப நீரே போடும்" என்றார்.
சொன்ன விதத்தில்
கூரையிலிருந்து ஒரு தகடு கழன்றது.

அவர் வேலைக்குப் போன பிறகு
எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காதவை வந்து குந்தின.
குழாய்க்கிணற்றுக்காக அடகில் மூழ்கிய என் காப்பு.
வாடகை மிச்சம் பிடிக்க
மன்னார்க் கந்தோர் மேசைமேல் எட்டு மாதம் அவர் படுத்தது.
அத்திவாரம் வெட்டும்போது கிடைத்த
துருவேறிய திறப்புக்கோர்வை;
எந்த வீட்டினதோ. எங்கள் பூட்டு எதற்கும் சேராது.
மேசன் யூட் கழுவி வைத்த யன்னலில்
இன்றைக்கும் கிடக்கிறது.

அவருடைய திரட்டில் முழுத்தொகையையும் போட்டேன்.
என்னுடையதில் பூச்சியம்.
எவ்வளவு நட்டமென்று
சதம்வரை தெரியும்.

என் கணக்கைத் திறக்க ஆறு இலக்கம் வேண்டும்.
பதியும்போது என் போன் உடைந்திருந்ததால்
அது போவது அவருடைய போனுக்கு.
அவரோ இரணைமடுவில்
வான்கதவடியில் நிற்கிறார்.
நாலாம் தரம் எடுத்தபோது தண்ணீர்தான் முதலில் கேட்டது.
"ஏழு... ஒன்று... பிறகு என்ன?
மூன்றா எட்டா?"
"எட்டு! எட்டு!"
அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

"திரும்ப அனுப்பச் சொல்லும்," கத்துகிறார்,
"நான் இஞ்சதான் நிக்கிறன்."

மேலே பதினான்கு தகடும்
ஒரு யூனிற்கூடத் தராமல் நனைகின்றன.