ஒன்று முதல் ஐந்து வரை

பல்கலையிலிருந்து வந்தவர் தாள்களை நீட்டிவிட்டு
மின்விசிறிக்குக் கீழே போய் நின்றுகொண்டார்.
நாற்பது கேள்விகள், மலாயில்.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டங்கள்.
ஒன்றைக் கருப்பாக்கினால் போதும்.

'பெற்றோர் சொல்லைத் தட்டக்கூடாது.'
ஐந்து.
யோசிக்கவில்லை, கை தானாகப் போயிற்று,
விபூதியோடு நெற்றிக்குப் போவதுபோல.

பக்கத்தில் கா யீயின் பென்சில்
எதற்கும் நடுவிலேயே இறங்கியது.
'குடும்பத்துக்காக என் ஆசையை விட்டுக்கொடுப்பேன்.'
மூன்று.
எட்டிப் பார்த்த எனக்குக் கொஞ்சம் பெருமை.
அவங்க வீட்டில் அப்படித்தான் என்பாள் அம்மா.
எங்களைப் பற்றி
அவள் அம்மா என்ன சொல்வாளோ.

ஹஸ்வானி ஏழாம் கேள்வியில் நின்றுவிட்டாள்.
'வீட்டில் இறுதி முடிவு யாருடையது?'
"எங்க வீட்டுல யாரும் முடிவே எடுக்கறதில்ல.
கிளந்தான்லேர்ந்து பெரியம்மா வருவாங்க,
எல்லாரும் சாப்பிடுவோம்,
மறுநாள் பார்த்தா ஏதோ முடிவாகியிருக்கும்.
அதுக்கு வட்டம் எங்கே?"

மூன்று மணிக்கு கொம்தார் பேருந்து.
ஆயர் ஈத்தாம் மலை மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது.
பபிள் டீக்கு வா என்றேன்.
"இன்னிக்குச் செவ்வாய்" என்றாள் கா யீ.

செவ்வாய், வியாழன், சனி.
டியூஷன் என்றே இரண்டு வருடமாக நினைத்திருந்தேன்.
டாத்தோ கெராமாட் சாலையில் டயாலிசிஸ் மையம்.
நான்கு மணி நேரம்.
முடிந்ததும் அப்பாவுக்குச் செருப்பு மாட்டிவிட்டு,
தலைசுற்றல் நிற்கும்வரை நாற்காலியில் வைத்து,
கிராப் பிடித்து வீட்டுக்கு.

"அப்புறம் ஏன் மூணு போட்ட?"

குடையின் பொத்தானைத் தேடிக்கொண்டே சொன்னாள்:
"ஆசையை விட்டுக்கொடுப்பியான்னு கேட்டிருந்தாங்க.
நான் எதையும் விட்ட மாதிரி தெரியல.
அவருக்குப் போகணும், நானும் போறேன்.
அஞ்சு போடற அளவுக்கு
அதுல என்ன இருக்கு?"

இறங்கிப் போனாள்.
ஈரமான கண்ணாடியில் அவள் குடை கொஞ்ச தூரம் தெரிந்தது,
பிறகு எல்லாக் குடைகளும் ஒன்றுபோல் இருந்தன.

கொம்தாரில், நகரும் படியில் பாதி ஏறும்போது போன்.
"டியூஷன் முடிஞ்சிருச்சாம்மா?"
"இன்னும் இல்லம்மா."
ஹஸ்வானி சிரிப்பை அடக்க
பள்ளிப்பையைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்தென்று நம்பித்தான் போட்டேன்.
இப்போது கேட்டாலும் அதையேதான் போடுவேன்.
விரல் நுனியில் பென்சில் கரி,
டீக் கோப்பையின் வியர்வையிலும் போகவில்லை.

பெயர் எழுத வேண்டாம் என்றிருந்தார்கள்.
இனம் மட்டும் கேட்டிருந்தார்கள்.
எழுதியிருந்தேன்,
குண்டு குண்டான எழுத்தில்.