சட்டை செய்கிறவள்

எங்கள் சாக்சனி ஊரில் ஒரு சொல் உண்டு:
மேல்சட்டை எப்படியோ கால்சட்டை அப்படி.
கிழங்கு அவித்ததா வறுத்ததா என்று கேட்டால் சொல்வார்கள்.
லோபாவ் ரயில் ஐந்தேகாலா ஐந்தரையா என்றால் சொல்வார்கள்.
ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பும்போது
கட்டாயம் சொல்வார்கள்.

அது பிறந்த கதையும் வைத்திருக்கிறார்கள்.
ஒரு காலம் வரை மேலே ஒரு துணி, கீழே வேறு துணி.
எவனோ ஒரு சிக்கனக்காரன்
ஒரே சுருளில் இரண்டையும் வெட்டச் சொன்னானாம்.
முதலில் எதைத் தைக்கட்டும் என்றாராம் தையல்காரர்.
எதுவானால் என்ன என்றானாம்.
யார் பார்த்தது?
ஆனாலும் சாக்கட்டி பிடித்த கைக்கு
நடந்திருக்கும் என்றுதான் படுகிறது.

நானும் இர்ம்ஹில்டும் ஒரே சுருள்.
பதினோரு நிமிடம் அவள் மூத்தவள்.
அறுவடை நடனத்தில் எக்கெஹார்ட்
என்னோடு இரண்டு சுற்று ஆடினான்,
மூன்றாவதற்கு அவள் கையைப் பிடித்தான்.
ஆள் மாறிப்போச்சு என்று யாரோ கத்த
மேல்சட்டை எப்படியோ கால்சட்டை அப்படி என்றான்.
கூடாரமே சிரித்தது.
நானும்தான்.
அதை நான் சட்டை செய்யவில்லை
என்று முப்பத்திரண்டு வருடமாகச் சொல்லிவருகிறேன்,
சட்டை செய்வதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு.

அவன் கல்யாண உடுப்பைத் தைத்தவளும் நான்தான்.
சாம்பல் கம்பளி, மூன்று மீட்டர் இருபது.

இன்று காலை அதோடு வந்தான்.
மகளுக்குக் கல்யாணம், இடுப்பைக் கொஞ்சம் விடவேண்டும்.
மேசையில் விரித்தேன்.
மேல்சட்டை அலமாரியிலேயே இருந்திருக்கிறது,
பூச்சி உருண்டை வாசம்,
வெட்டிய நாளின் சாம்பல் அப்படியே.
கால்சட்டை அவனோடு தபால் கொண்டு போயிருக்கிறது.
சைக்கிள் இருக்கை தேய்த்துப் பளபளப்பு,
முட்டியை வெயில் தின்று மழை தின்று
புறா முதுகின் நிறம்.

இரண்டும் ஒரே துணிதானா என்றான்.
என் தையல் எனக்குத் தெரியாதா என்றேன்.
ஒன்றுபோல ஆக்க முடியாதா, குண்டுலா?

பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டான்.
கடைப் பலகையில் எழுதியிருக்கிறது.

இடுப்புத் தையலைப் பிரித்தேன்.
மடிப்புக்குள் இத்தனை வருடம் வெளிச்சம் படாத துணி
கருஞ்சாம்பலாய்
விரல் அகலத்துக்கு ஒரு கோடு.
பின்னாலிருந்து பார்த்தால் இது தெரியும் என்றேன்.
தெரியட்டுமே, மேல்சட்டை எப்படியோ
என்று தொடங்கியவன்
மேசையைப் பார்த்து
நிறுத்திக்கொண்டான்.

புதன்கிழமை வா என்றேன்.